கேட்ட சொல் நெஞ்சில் நிற்கும் நெறி

எம்பெருமான் திருவீதியில் எழுந்தருளும்போது திவ்யப்பிரபந்த கோஷ்டி முன்னே செல்லும். வேத பாராயண கோஷ்டி பின்னே தொடரும். முன்னே செல்லும் தமிழையும் பின்னே வரும் மறையையும் செவிமடுத்தவாறு அடியார்கள் இருமருங்கிலும் கைகூப்பி நிற்கின்றனர். உத்ஸவம் நிறைவுற்று அவரவர் ஊர் திரும்பியபின், கேட்டவற்றுள் எவ்வளவு நெஞ்சில் நிற்கும்? ஒலி நிற்குமா, பொருள் நிற்குமா? இரண்டும் நிற்க வேண்டுமாயின் கேட்பவன் செய்ய வேண்டுவது யாது? இவ்வினாக்களைப் பெரியோர்கள் பலகாலும் ஆராய்ந்துள்ளனர். அவர்கள் கண்ட நெறியை யாத்ரிகர்கள் அறிந்துகொள்வது இத்திருநாளில் பயனுடைத்து.

சொற்கள் வாக்கியமாவது எங்ஙனே?

ஒரு சொல்லுக்குப் பின் மற்றொரு சொல்லை அடுக்கிவிட்டால் மட்டும் அது வாக்கியமாகிவிடாது. சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பொருளைத் தருவதற்கு மூன்று காரணங்கள் வேண்டும் என்று தர்க்க, மீமாம்ஸா சாஸ்திரங்கள் கூறுகின்றன. அவை ஆகாங்க்ஷை, யோக்யதை, ஸந்நிதி என்பன. தர்க்கம் பயிலத் தொடங்கும் சிறுவர்களுக்கு அன்னம்பட்டரின் தர்க்க ஸங்க்ரஹத்திலேயே இவை கற்பிக்கப்படுகின்றன.

ஆகாங்க்ஷையாவது ஒரு சொல் மற்றொரு சொல்லை வேண்டி நிற்றல். “திருத்துழாயை” என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால் கேட்பவன் மனம் அமைதி கொள்வதில்லை. “கொடு” என்பதா, “பறித்து வா” என்பதா என்று அது எதிர்நோக்கி நிற்கிறது. அந்த எதிர்நோக்கே இரு சொற்களையும் கட்டும் கயிறு. “பசு, குதிரை, மனிதன், யானை” என்று வரிசையாகச் சொன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு. ஆயினும் எதுவும் எதையும் வேண்டி நிற்கவில்லை. ஆகவே அது வாக்கியமன்று.

யோக்யதையாவது பொருட்கள் தம்முள் பொருந்தும் தகுதி. “நீரால் நனை” என்பது பொருந்தும். “நெருப்பால் நனை” என்பது இலக்கணம் வழுவாததாயினும் பொருந்தாது. ஸந்நிதியாவது இடைவெளியின்றிச் சொல்லுதல். “தீர்த்தத்தை” என்று காலையில் கூறி, “கொண்டு வா” என்று மாலையில் கூறினால், பரிசாரகன் எதைக் கொண்டு வருவான்?

இம்மூன்றோடு நான்காவதாகத் தாத்பர்ய ஞானத்தையும், அதாவது சொல்பவனுடைய கருத்தை அறிதலையும் சேர்த்துக் கூறுவாருண்டு. வடமொழியில் “ஸைந்தவம்” என்னும் சொல் உப்பையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். உண்ணும் வேளையில் ஒருவர் “ஸைந்தவம் கொண்டு வா” என்றால் உப்பையே கொண்டுவர வேண்டும். பயணம் புறப்படும் வேளையில் சொன்னால் குதிரையைக் கொண்டுவர வேண்டும். சமயம் அறியாதவன் சொல்லை அறிந்தும் பொருளை அறியாதவனாகிறான்.

இந்நான்கனுள் முதலாவதான ஆகாங்க்ஷை தனிச்சிறப்புடையது. மற்றவை பேச்சையும் பொருளையும் பற்றியவை. ஆகாங்க்ஷையோ கேட்பவன் நெஞ்சில் எழும் விருப்பத்தையும் பற்றியது. கேட்பவனுக்கு “மேலே என்ன?” என்னும் வேட்கை இல்லையாயின் எவ்வளவு நல்ல வார்த்தையும் செவியோடு நின்றுவிடும்.

குழந்தை கற்கும் முறை

சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள ஸம்பந்தத்தைக் குழந்தை எவ்வாறு அறிகிறது என்பதை எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்திலேயே எடுத்துக்காட்டியுள்ளார். தாய் தந்தையர் முதலானோர் குழந்தைக்கு அம்மாவையும், அப்பாவையும், மாமனையும், சந்திரனையும், பறவை விலங்குகளையும் விரலால் சுட்டிக்காட்டி, இன்னதற்கு இன்ன பெயர் என்று பலமுறை சொல்லிப் பழக்குகின்றனர். மெல்ல மெல்லக் குழந்தை, சொல்லைக் கேட்டவுடன் பொருள் தன் நெஞ்சில் தோன்றுவதை உணர்கிறது. பிறகு சொற்கள் சேரும் வகையையும் கற்றுக்கொள்கிறது.

இவ்விடத்தில் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று, பலமுறை சொல்லுதல். மற்றொன்று, அன்போடு சுட்டிக்காட்டுதல். முன்னது ஒலியை நிலைநிறுத்துகிறது. பின்னது பொருளை நிலைநிறுத்துகிறது. பெரியோர்களின் அத்யயன முறை முழுவதும் இவ்விரண்டின் விரிவேயாகும்.

பொருள் நிற்கும், சொல் மாறும்

ஒருவர் மாலையில் உபந்யாஸம் கேட்டு வீடு திரும்புகிறார். “இன்று என்ன சொன்னார்?” என்று வீட்டார் வினவுகின்றனர். அவர் கதையைச் சொல்வார், கருத்தைச் சொல்வார், உபந்யாஸகர் கூறிய சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லமாட்டார். மனிதமனத்தின் இயல்பு இது. அது சொற்களை வாங்கி, பொருளை எடுத்துக்கொண்டு, சொற்களைக் கீழே விட்டுவிடுகிறது.

மேனாட்டாரும் இதனைச் சோதித்து அறிந்துள்ளனர். இங்கிலாந்து தேசத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்லெட் என்னும் உளவியல் அறிஞர் 1932-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரித்துள்ளார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதையொன்றை அவர் ஆங்கிலேயர்கள் சிலரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். சிறிது காலம் கழித்து அதனை நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதை சுருங்கியது, விளங்காத பகுதிகள் விடுபட்டன, அம்மக்களுக்கே உரிய சிறு தோணி வெறும் படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. அறியாததை அறிந்ததாக மாற்றிக்கொண்டே அவர்கள் நினைவுகூர்ந்தனர். அவர்கள் பொய்யுரைத்தாரல்லர். தாம் படித்ததையே எழுதுவதாக எண்ணியே எழுதினர்.

உலகியல் வார்த்தைக்கு இதனால் பெரிய தீங்கில்லை. வேதத்திற்கும் ஆழ்வார்கள் அருளிச்செயலுக்கும் இவ்வாறு நேர்ந்தால் என்னாகும்? நூறு தலைமுறை கடந்தபின் எஞ்சுவது மூலமாக இராது. கேட்டவர்களின் வழக்கமே எஞ்சி நிற்கும். ஆகவே மனத்தின் இயல்பை அறிந்த முன்னோர்கள் சொல்லைக் காக்க ஒரு வேலியும், பொருளைக் காக்க மற்றொரு வேலியும் அமைத்தனர்.

சொல்லைக் காக்கும் வேலி

வேதத்தில் ஸம்ஹிதா பாடம், பத பாடம், க்ரம பாடம், ஜடா பாடம், கன பாடம் எனப் பல பாடமுறைகள் உள்ளன. ஸம்ஹிதையில் சொற்கள் சந்தியோடு சேர்ந்து ஒலிக்கும். பதத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்து நிற்கும். க்ரமத்தில் முதற்சொல்லும் இரண்டாம் சொல்லும், பின் இரண்டும் மூன்றும், பின் மூன்றும் நான்கும் என இரண்டிரண்டாகக் கைகோத்து வரும். ஜடையில் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு என்று முன்னும் பின்னும் பின்னலாக வரும். கனத்தில் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று என்று மேலும் வலுவாகப் பின்னப்படும்.

சொற்களைத் தலைகீழாகச் சொல்லும்போது வாக்கியப் பொருள் தோன்றாது. முறையின் நுட்பமும் அதுவே. பொருளைப் பற்றிக்கொண்டு சொல்லை மாற்றும் மனத்திற்கு இங்கே இடமே வைக்கப்படவில்லை. ஒரு சொல் நழுவினால் அதன் இருபுறத்துச் சொற்களும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எழுதாக் கிளவி என்று பெயர் பெற்ற வேதம் இவ்வாறே ஸ்வரமும் பிசகாமல் வந்தது. இவ்வேத பாராயண மரபினை யுனெஸ்கோ நிறுவனம் 2003-ஆம் ஆண்டு உலக மாந்தர்க்குரிய அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

ஸந்தை சொல்லும் முறையும் இவ்வேலியின் ஒரு பகுதியே. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை சொல்வர். முதலில் சிறு பகுதிகள். பின்னர் அவை சேர்ந்து அடியாகும். அடிகள் சேர்ந்து பாசுரமாகும். ஏட்டைப் பாராமல் ஆசிரியரின் வாயைப் பார்த்துச் செவியால் வாங்குவதே முறை.

திருவாய்மொழிக்கு ஸ்வாமி நம்மாழ்வார் தாமே ஒரு வேலியை அமைத்தருளினார். அதுவே அந்தாதித் தொடை. ஒரு பாசுரம் முடியுமிடத்தில் அடுத்த பாசுரம் தொடங்குகிறது. 100 பதிகங்கள், 1,102 பாசுரங்கள் ஆகிய இவை அனைத்தும் ஒரே மாலையாகத் தொடுக்கப்பட்டுள்ளன. முதற்பாசுரத்தின் முதற்சொல் “உயர்வு”. கடைசிப் பாசுரத்தின் முடிவுச்சொல் “உயர்ந்தே”. மாலையின் இருமுனைகளும் அங்ஙனம் கூடி வட்டமாகின்றன. இடையில் ஒரு பூ உதிர்ந்தாலும் வெற்றிடம் தெரிந்துவிடும்.

பொருளைக் காக்கும் வேலி

ஒலி மட்டும் நின்றால் போதுமா? பொருளறியாமல் வேதத்தை ஓதியவனைச் சுமை தாங்கும் தூணுக்கு ஒப்பிடுகிறது யாஸ்கரின் நிருக்தம். ஆகவே ஆசார்யர்கள் வ்யாக்யானங்களை அருளினர். அவ்வ்யாக்யானங்களில் ஒவ்வொரு பதிகத்திற்கும் முன்னே அவதாரிகை அமைந்திருக்கும். முன் பதிகத்திற்கும் இப்பதிகத்திற்கும் உள்ள தொடர்பு அதில் கூறப்படும். இத்தொடர்புக்கு ஸங்கதி என்று பெயர்.

திருவாய்மொழியின் முதல் மூன்று பதிகங்களை நோக்குக. முதற்பதிகத்தில் எம்பெருமானுடைய பரத்வம் பேசப்படுகிறது. அவனே பரன் எனில் நாம் செய்ய வேண்டுவது யாது? மற்றவற்றை விட்டு அவனைப் பற்றுமின் என்கிறது இரண்டாம் பதிகம். அத்துணை உயர்ந்தவனை இத்துணைத் தாழ்ந்தவர்கள் பற்றுவது எங்ஙனே? அவன் அடியவர்க்கு எளியன் என்று அவனது ஸௌலப்யத்தைக் காட்டுகிறது மூன்றாம் பதிகம். ஒரு பதிகம் வினாவை எழுப்புகிறது; அடுத்த பதிகம் விடையாகிறது. “திருத்துழாயை” என்ற சொல் “கொடு” என்ற சொல்லை வேண்டி நின்றதன்றோ? அவ்வாறே ஒரு பதிகம் மற்றொரு பதிகத்தை வேண்டி நிற்கிறது. சொல்லளவில் கண்ட ஆகாங்க்ஷை நூலளவில் ஸங்கதியாக விரிகிறது. இதனை உணர்ந்தவனுக்கு நூறு பதிகங்களும் நூறு சுமைகளாக இரா. ஒரே நடையாக இருக்கும்.

மணவாள மாமுனிகள் அருளிய திருவாய்மொழி நூற்றந்தாதி இவ்விரு வேலிகளையும் ஒன்றாக இணைத்தது. பதிகத்திற்கு ஒரு வெண்பாவாக நூறு வெண்பாக்களில் பதிகத்தின் ஸாரம் அடங்குகிறது. நூற்றந்தாதியும் அந்தாதியாகவே தொடுக்கப்பட்டுள்ளது. ஸ்வாமி தேசிகன் வடமொழியில் அருளிய த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளியும் பதிகங்களின் திரண்ட பொருளை நெஞ்சில் நிறுத்துவதற்கென்றே அமைந்தது.

காவிரியில் போன ஓலை

பொருளை உணர்ந்தவனுடைய நினைவு எத்தகையது என்பதற்குக் குருபரம்பரையில் ஓர் இதிஹாஸம் உண்டு. நஞ்சீயர் திருவாய்மொழிக்கு 9,000 படி வ்யாக்யானம் அருளினார். ஒரு படியாவது 32 எழுத்து. ஆகவே அது 2,88,000 எழுத்துக்கள் கொண்ட பெருநூல். அதனை நல்ல ஓலையில் பெயர்த்தெழுத வல்லார் யார் என்று அவர் வினவ, நம்பூர் வரதராஜரைக் காட்டினர். நஞ்சீயர் அந்நூலின் பொருள் முழுவதையும் அவருக்கு உரைத்து, ஒரே பிரதியாக இருந்த ஓலையையும் அவரிடம் கொடுத்தனுப்பினார்.

வரதராஜர் தம் ஊரில் இருந்து எழுத எண்ணிக் காவிரியைக் கடந்தார். ஓரிடத்தில் நீந்த வேண்டியதாயிற்று. ஓலைக்கட்டைத் தலைமேல் வைத்துக் கட்டிக்கொண்டு நீந்துகையில் வெள்ளம் அதனைப் பறித்துக்கொண்டு போயிற்று. ஆசார்யனுடைய உழைப்பு முழுவதும் ஒரு நொடியில் ஆற்றோடு போன அந்நிலையில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆயினும் அவர் ஆசார்யனைத் தியானித்து, கேட்ட பொருளை நினைவில் கொண்டு, நூல் முழுவதையும் எழுதி முடித்தார். சிலவிடங்களில் மேலும் நயமான பொருள்கள் தோன்ற அவற்றையும் சேர்த்தார். நஞ்சீயர் ஓலையை நோக்கி, தாம் எழுதாதவையும் இருப்பது கண்டு வினவினார். வரதராஜர் நடந்ததை மறைக்காமல் விண்ணப்பித்தார். நஞ்சீயர் உகந்து, “நம்பிள்ளை” என்று அவரை அணைத்துக்கொண்டார். அன்று முதல் அவருக்கு நம்பிள்ளை என்பதே திருநாமமாயிற்று.

இங்கும் சொல் மாறியது. பார்ட்லெட்டின் சோதனையிலும் சொல் மாறியது. வேற்றுமை யாது? அங்கே விளங்காமையால் மாறியது; ஆகவே குறைந்தது. இங்கே ஸங்கதி விளங்கியமையால் மாறியது, ஆகவே நிறைந்தது. மேலும், மாறியது வ்யாக்யானமேயன்றி மூலமன்று. மூலமாகிய திருவாய்மொழி ஸந்தையாலும் அந்தாதியாலும் ஓரெழுத்தும் பிசகாமல் அவர் நெஞ்சில் நின்றமையாலன்றோ, வெள்ளத்தில் போன பொருளை மீண்டும் அதனருகே சேர்க்க முடிந்தது?

ஆயிரம் எங்கே?

இவ்விரு வேலிகளும் ஒருகாலத்தில் தளர்ந்தன. ஆழ்வார்கள் காலத்திற்குப்பின் அருளிச்செயல்கள் வழக்கொழிந்து மறைந்திருந்தன. வீரநாராயணபுரமாகிய காட்டுமன்னார்கோயிலில் மன்னனார் ஸந்நிதியில் நாதமுனிகள் எழுந்தருளியிருந்தபோது, மேல்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர், திருக்குடந்தை எம்பெருமான் விஷயமான “ஆராவமுதே” என்னும் பதிகத்தை இசையோடு ஸேவித்தனர்.

அப்பதிகத்தின் பதினோராம் பாசுரம் மூன்று செய்திகளைத் தாங்கியிருந்தது. பாடியவர் சடகோபர், அவரது ஊர் குருகூர், பாடியவை ஓராயிரம், அவற்றுள் இது ஒரு பத்து. நாதமுனிகள் உடனே அவர்களை, “அந்த ஆயிரமும் உங்களுக்கு வருமோ?” என்று வினவினார். தங்களுக்கு இவ்வளவே வரும் என்றனர் அவர்கள்.

அந்த யாத்ரிகர்கள் அப்பாசுரத்தை எத்தனையோ ஸந்நிதிகளில் பாடியிருப்பர். எத்தனையோ பேர் கேட்டும் இருப்பர். ஆயிரம் என்ற சொல் ஒவ்வொரு முறையும் ஒலித்தது. எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே என்று கேட்கும் வேட்கை நாதமுனிகள் நெஞ்சில் எழுந்தது. மற்றவர்களுக்கு அது முடிந்த பாட்டு. அவருக்கு அது முடியாத வாக்கியம்.

அவ்வேட்கை அவரைத் திருக்குருகூருக்கு அழைத்துச் சென்றது. அங்கு மதுரகவிகளின் வழிவந்த பராங்குச தாஸரிடமும் ஆயிரம் இல்லை. மதுரகவிகளின் கண்ணிநுண்சிறுத்தாம்பு ஒன்றே இருந்தது. நாதமுனிகள் அதனைப் பெற்று, ஆழ்வார் திருமுன்பே யோகத்தில் அமர்ந்து 12,000 முறை அநுஸந்தித்தார். ஆழ்வார் ப்ரஸந்நராகி, திருவாய்மொழி மட்டுமன்றி நாலாயிரத்தையும் பொருளோடு அருளினார் என்பது குருபரம்பரை. ஆயிரத்தைத் தேடிச் சென்றவர் நாலாயிரத்தோடு மீண்டார். அவற்றை மீண்டும் மறையாதபடி, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இயலும் இசையுமாகக் கற்பித்து வழங்கச் செய்தார்.

பொருளறியாது ஓதுபவன் சுமை தாங்கும் தூண் என்று கண்டோம். அந்த யாத்ரிகர்கள் தூண்களாகவே நின்றனர் என்று கொண்டாலும், அத்தூண்கள் பதினொரு பாசுரங்களைத் தாங்கியிராவிடில், எடுத்துக்கொள்ள வந்த நாதமுனிகளுக்கு என்ன கிடைத்திருக்கும்? நாதமுனிகள் போன்ற செவி இல்லாதிருப்பின் அப்பதினொன்றும் நாளடைவில் எங்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? ஓதுபவன் ஒலியைக் காத்தான். கேட்டவன் பொருளை வேண்டினான். இருவரும் கூடிய இடத்தில் ஸம்ப்ரதாயம் பிழைத்தது.

அடியார்கள் செய்யத்தக்கவை

அத்யயன உத்ஸவத்தில் இராப்பத்து நாட்களில் நாளொன்றுக்கு ஒரு பத்தாகத் திருவாய்மொழி ஸேவிக்கப்படுகிறது. முழுவதும் கற்றவர் அல்லாதாரும் அதில் பங்கு பெறலாம். ஒவ்வொரு பதிகத்தின் முடிவில் வரும் பலச்ருதிப் பாசுரத்தைக் கூர்ந்து கேட்க வேண்டும். பாடியவர் யார், பயன் யாது என்பது அங்கே இருக்கும். பாசுரம் முடியும் சொல்லே அடுத்ததன் தொடக்கமாக வருவதைச் செவியால் பின்தொடர வேண்டும். முன்னதற்கும் பின்னதற்கும் என்ன தொடர்பு என்பதை வயதில் மூத்த அத்யாபகரை அணுகி விநயத்தோடு கேட்க வேண்டும். கேட்கப்படுவதில் அவர்களுக்குள்ள மகிழ்ச்சி பெரிது.

இக்காலத்தில் பாசுரங்கள் அனைத்தும் அச்சிலும் உள்ளன, கைப்பேசியிலும் ஒலிக்கின்றன. ஓலை ஆற்றோடு போய்விடும் என்ற அச்சம் இப்போது இல்லை. ஆயினும் கருவி ஒலியை மட்டுமே வைத்திருக்கும், “மேலே என்ன?” என்று அது ஒருநாளும் கேளாது. அவ்வேட்கை மனிதனுக்கே உரியது. வீட்டிலுள்ள சிறுவர்களுக்கு ஒரு பதிகத்தையேனும் வாயால் சொல்லிக்கொடுத்து, எம்பெருமானார் காட்டிய தாய் தந்தையரைப் போல விரல் சுட்டிப் பொருளையும் காட்டினால், ஒலியும் பொருளும் அவ்வீட்டில் கூடி நிற்கும்.

இத்திருநாளில் பெற்றுச் செல்லும் பத்துப் பாசுரங்கள் யாவையாயினும், அவை ஆயிரத்துள் ஒரு பத்து என்பதை நினைந்தே வீடு திரும்புதல் அடியார்களுக்கு அழகு.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.